காசிமேட்டுக் கார்ட்டூன் தொடர்: யாரிடம் கொண்டு போவது, எதில் கையெழுத்துப் போடுவது?

புது வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை. வெளிநாட்டுக் குழந்தைத் தொடர்களுக்கு வரும் ஆர்டரை இங்கே பிரேம் பிரேமாக அசைத்துக் கொடுப்பது அவர் பணி. வீட்டுக்கு வந்த பிறகும், மதிய உணவு இடைவேளையிலும் தனக்கென்று ஒரு தொடரை உருவாக்கி வந்திருக்கிறார். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் மூன்று பெண்கள், அவர்கள் வாங்கிய கடன், அவர்களுடைய வீட்டுக்காரர்கள், செத்த பிறகும் பாக்கியைக் கேட்டு விடாமல் வரும் ஒரு வட்டிக்காரம்மா. பதினொரு நிமிடம் வீதம் பத்து எபிசோடு. வசவு உண்டு, சரக்கு உண்டு, அரசியல் உண்டு. பெரியவர்களுக்கான நகைச்சுவைத் தொடர்.

இதை எங்கே கொண்டு போய்ச் சொல்வது என்று கேட்கிறார். சொன்னால் திருடிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். ‘உன் முகவரிக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிக்கொள், காப்பிரைட் ஆகிவிடும்’ என்கிறாராம் அண்ணன். சில படங்களை ஸ்டுடியோவின் கணினியிலேயே வரைந்துவிட்டதும் உறுத்துகிறது. இதற்கிடையில் ஒருவர், ஓடிடி நிறுவனத்தில் அறிமுகம் செய்து வைக்க 75,000 ரூபாய் கேட்கிறார். ஒரு தயாரிப்பு நிறுவனமோ 50,000 ரூபாய் தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறது. ‘இந்த வாய்ப்பை விட்டால் வேறு வருமா மேடம்?’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த படத்தை என் மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த அம்மாவின் முழங்கை வரை ஒட்டியிருக்கும் செதில், வெட்டி வெட்டி நடுவில் குழிந்துபோன புளியமரக் கட்டை, இடுப்பில் நனைந்த சுருக்குப்பை. நம் பகுதியைப் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கத்தியையும் ரத்தத்தையும் தேடித்தான் வருகிறார்கள். நீங்கள் அங்கே உழைப்பையும் சிரிப்பையும் பார்த்திருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன், இது வெளியே வரவேண்டிய தொடர். வரும்போது உங்கள் பெயரோடு வரவேண்டும் என்பதுதான் என் கவலை.

எங்கே கொண்டு போவது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. ஆனால் வெள்ளிக்கிழமைக் கெடு இருப்பதால் ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து வேண்டாம்

நீங்கள் அனுப்பிய நகலில் நான்காவது ஷரத்தைப் பாருங்கள். கதை, பாத்திரங்கள், தலைப்பு, ஓவியங்கள், இப்போது இருக்கும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்கள், உலகம் முழுவதும், நிரந்தரமாக. ஒன்பதாவது ஷரத்து, தொடர் எடுக்கப்படாவிட்டாலும் உரிமை திரும்பாது என்கிறது. அதாவது 50,000 ரூபாய்க்கு அந்த மூன்று பெண்களும் இனி உங்களுடையவர்கள் அல்ல. நாளை நீங்களே அவர்களை வைத்து ஒரு காமிக்ஸ் போட்டாலும் வக்கீல் நோட்டீஸ் வரும்.

‘சட்டப்படி ஐந்து வருடம்தானே செல்லும்’ என்று தோழி ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957, 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிட வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால்தான் ஐந்து ஆண்டு. இடம் சொல்லப்படாவிட்டால்தான் இந்தியா மட்டும். இங்கே ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதே பிரிவில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவும் போச்சு. ஒன்பதாவது ஷரத்து அதற்காகவே போடப்பட்டது.

நீங்கள் கேட்க வேண்டியது ‘ஆப்ஷன்’ ஒப்பந்தம். ஒரு சீசனுக்குப் படகைக் குத்தகைக்கு விடுவதற்கும் படகையே எழுதிக்கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு வித்தியாசம் இதற்கும் அதற்கும். ஆப்ஷனில், 12 அல்லது 18 மாதம் இந்தத் தொடரை ஓடிடிகளிடம் கொண்டு போகும் தனி உரிமை அவர்களுக்கு. அதற்கு ஒரு தொகை உங்களுக்கு. அதற்குள் யாரும் எடுக்க முன்வராவிட்டால் எல்லாம் தானாக உங்களிடம் திரும்பிவிடும். எடுக்க முன்வந்தால் என்ன விலை, இரண்டாம் சீசனில் உங்கள் இடம் என்ன, பொம்மை, டி-ஷர்ட், கேம் வந்தால் பங்கு என்ன என்று இப்போதே எழுதிக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டுக்கு 50,000 மோசமான தொகை அல்ல. மொத்தமாக எழுதிக்கொடுக்க அது தொகையே அல்ல.

பலரும் கவனிக்காத ஒன்று. நீங்கள் வரைபவர் மட்டுமல்ல, எழுத்தாளரும்கூட. ஒப்பந்தத்தில் உங்களை ‘கேரக்டர் டிசைனர்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, திரைப் படைப்பில் சேர்ந்த எழுத்து அல்லது இசையின் ஆசிரியர், திரையரங்குக்கு வெளியே அது பயன்படும்போது கிடைக்க வேண்டிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. நடைமுறையில் அந்தப் பணத்தை வசூலிப்பது இன்னும் பெரும்பாடாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாதுகாப்பு எழுத்துக்கும் இசைக்கும்தான், ஓவியத்துக்கு இல்லை. அதனால் ‘கதை, திரைக்கதை, வசனம், உருவாக்கம்’ என்று உங்கள் பெயர் கட்டாயம் வரவேண்டும்.

75,000 கேட்பவர்

கொடுக்காதீர்கள். உண்மையான ஏஜென்ட் வேலை முடிந்த பிறகு அதில் கிடைக்கும் பணத்தில் சதவீதம் எடுப்பார். உண்மையான தயாரிப்பாளர் உங்களுக்குத்தான் பணம் தருவார். விழாக்களுக்கும் சந்தைகளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. அது அவர்கள் தளத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டிருக்கும், ரசீது வரும். கூகுள் பே எண் கொடுத்துக் கேட்கப்படுவது அந்த வகை அல்ல.

ஸ்டுடியோ கணினியில் வரைந்தது

இதில் உங்களுக்கு இருக்கும் பயம் கொஞ்சம் அதிகம், ஆனால் காரணமில்லாத பயம் என்று சொல்லமாட்டேன். சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஓர் ஊழியர் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். உங்களுக்குக் கொடுத்த வேலை வெளிநாட்டுத் தொடர். உங்கள் காசிமேட்டுக் கதையை யாரும் வரையச் சொல்லவில்லை. ஆகவே அவர்கள் கணினியில் வரைந்த ஒரே காரணத்தால் அது அவர்களுடையது ஆகிவிடாது.

ஆனால் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். ‘பணிக்காலத்தில் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே’ என்ற வரி பல ஸ்டுடியோக்களின் கடிதத்தில் உண்டு. வெளி வேலை கூடாது என்ற ஷரத்தும் இருக்கலாம். அப்படி இருந்தால், தொடரை யாரிடமாவது காட்டும் முன் எச்ஆரிடம் எழுத்துமூலம் தடையில்லாக் கடிதம் வாங்குங்கள். கதை முழுவதையும் சொல்ல வேண்டாம். ‘நிறுவனப் பணிக்குத் தொடர்பில்லாத என் சொந்தப் படைப்பு’ என்பது போதும். உங்கள் டீம் லீடர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வாய்வார்த்தையாகச் சம்மதித்தது அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் உதவாது.

இனி ஸ்டுடியோ இயந்திரத்தைத் தொடாதீர்கள். அதில் வரைந்தவற்றை வீட்டில், உங்கள் லேப்டாப்பில், புதிதாக வரையுங்கள். ஸ்டுடியோ லைசென்ஸில் ஓடும் மென்பொருளில் செய்த கோப்போடு ஒரு வாங்குபவர் முன்னால் போய் நிற்பது உங்களுக்குத்தான் சங்கடம். இலவசமாகவே ஓப்பன்டூன்ஸ், கிரிட்டா, பிளெண்டர் இருக்கின்றன. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்யப்பட்டதுதான்.

திருடிவிடுவார்களா?

அண்ணனிடம் சொல்லுங்கள், ரிஜிஸ்டர் தபால் வேண்டாம். அந்த உறைக்கு நம் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. நீங்கள் எழுதி முடித்த, வரைந்து முடித்த அந்தக் கணமே காப்புரிமை உங்களுடையது, பதிவு செய்யாவிட்டாலும். ஆனால் பதிவு செய்தால், 48-ஆம் பிரிவின்படி அந்தப் பதிவேடே நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்று, அதாவது யாராவது மறுத்து நிரூபிக்கும் வரை ஏற்கப்படும் சான்று. காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்கும் ஓவியத்துக்கும் தலா 500 ரூபாய். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்த்துவிட்டுத்தான் பரிசீலிப்பார்கள். தொடர் பைபிளையும் (பாத்திரங்கள், உலகம், எபிசோடு சுருக்கங்கள் எல்லாம் அடங்கிய கையேடு) முதல் எபிசோடு திரைக்கதையையும் எழுத்துப் படைப்பாகவும், மூன்று நாயகிகளின் ஓவியங்களை ஓவியமாகவும் பதியுங்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திலும் கதையைப் பதியலாம். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே பேசித் தீர்க்க அந்தப் பதிவு உதவும்.

ஒன்றை மனதில் வையுங்கள். வெறும் எண்ணத்துக்குக் காப்புரிமை கிடையாது. 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘மீன் வெட்டும் பெண்களும் ஒரு பேயும்’ என்ற ஒற்றை வரியை யாரும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வட்டிக்காரம்மா எப்படிப் பேசுகிறாள், எந்த எபிசோடில் எதற்கு வருகிறாள், எப்படி இருக்கிறாள் என்பதுதான் பாதுகாக்கப்படும். தலைப்புக்கு மட்டும் தனியாகக் காப்புரிமை இல்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே எவ்வளவு விரிவாக எழுதுகிறீர்களோ அவ்வளவு பலம்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது, உங்களைப் போல நேரில் போய்ச் சொல்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். நம்பிக்கையின் பேரில் சொன்ன, ஓரளவு விரிவாக வளர்த்தெடுத்த ஒரு தொடர் யோசனையை, கேட்டவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. 2002-ல் டெல்லி உயர் நீதிமன்றமும், 2003-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தொடர்பான வழக்குகளில் இதை ஏற்றுத் தடை கொடுத்திருக்கின்றன. அந்தத் தடையை வாங்கித் தருவது, யாரிடம், எப்போது, என்ன கொடுத்தோம் என்பதற்கான ஆதாரம்தான். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘இன்று நான் காட்டிய தொடரின் பிடிஎஃப்பை இணைத்துள்ளேன், இது ரகசியமாகப் பகிரப்பட்டது’ என்று. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் கதை சொல்லாதீர்கள். என்டிஏ, அதாவது ரகசியம் காக்கும் ஒப்பந்தம், கேட்டுப் பாருங்கள், ஆனால் பெரிய நிறுவனங்கள் போடமாட்டார்கள். மாறாக, ‘இதேபோல் எங்களிடமே ஒன்று இருந்தால் வழக்குப் போடமாட்டேன்’ என்று உங்களிடம்தான் கையெழுத்து கேட்பார்கள். அது அந்தத் தொழிலில் வழக்கம். கையெழுத்துப் போடலாம், முன்னாலேயே பதிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

சரி, எங்கே கொண்டு போவது?

தமிழ்த் தொலைக்காட்சியை விட்டுவிடுங்கள். 2007-ல் சுட்டி டிவி வந்ததிலிருந்து இங்கே கார்ட்டூன் என்றால் குழந்தைகள் சேனல்தான். ‘ஏ’ சான்று பெற்ற படத்தையே தொலைக்காட்சியில் காட்ட முடியாது என்னும்போது, உங்கள் நாயகிகளின் வாய்க்கு அங்கே இடமில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே இடங்கள் உண்டு. கார்ட்டூன் நெட்வொர்க்கின் இரவு நேரத்தில் 2001-ல் தொடங்கிய அடல்ட் ஸ்விம் பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் ‘மெயில் ஐடி மட்டும் கிடைத்தால் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் முன்பின் தெரியாதவர் அனுப்பும் கதையைத் திறப்பதில்லை. நெட்ஃபிளிக்ஸ் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: உரிமம் பெற்ற ஏஜென்ட் வழியாக, அல்லது ஏற்கெனவே தொடர்புள்ள தயாரிப்பாளர், வழக்கறிஞர், மேலாளர் வழியாக வந்தால்தான் பார்ப்போம் என்று. வழக்கறிஞர் என்றதும், நானும் வழக்கறிஞர்தானே என்று என்னை நினைக்காதீர்கள். அவர்களுக்குப் பழக்கமானவராக இருக்க வேண்டும். பிரைம் வீடியோ, ஜியோஹாட்ஸ்டார், சோனிலிவ், ஆஹா தமிழ் என்று இங்கே இருப்பவர்களிடமும் தயாரிப்பு நிறுவனம் வழியாகப் போவதுதான் நடைமுறை. பத்து எபிசோடு அனிமேஷனைச் சொன்ன தேதியில் முடித்துத் தர ஒரு ஸ்டுடியோ பின்னால் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அப்படியானால் தயாரிப்பாளரைச் சந்திக்கும் இடத்துக்குத்தான் நீங்கள் போக வேண்டும். கோவாவில் என்எஃப்டிசி (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) 2007 முதல் நடத்தும் ஃபிலிம் பஜார் (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) நவம்பரில் நடக்கும். அதன் கூட்டுத் தயாரிப்புச் சந்தையில் 2024-ல் வெப் சீரிஸும் இடம்பெற்றது. மும்பையில் 2024 ஜனவரியில் தொடங்கிய ஆனிமேளா விழா அனிமேஷனுக்கென்றே நடப்பது, பிரான்சின் ஆன்சி விழாவோடு தொடர்புள்ளது. அந்த ஆன்சியில் ஜூன் மாதம் நடக்கும் மிஃபா சந்தைதான் இந்தத் தொழிலின் பெரிய சந்தை. விண்ணப்பித்துத் தேர்வானால் வாங்குபவர்கள் முன் மேடையில் தொடரைச் சொல்லலாம், தொடர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. டிசம்பரில் சிங்கப்பூரில் நடக்கும் ஏஷியா டிவி ஃபோரம் பக்கத்தில் இருப்பது. கிட்ஸ்கிரீன் என்ற சந்தை குழந்தை நிகழ்ச்சிகளுக்கானது, கார்ட்டூன் ஃபோரம் என்பது ஐரோப்பியத் தயாரிப்பாளர்களுக்கானது. இரண்டுக்கும் பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

பெரியவர்களுக்கான இந்திய அனிமேஷன் இந்த வழியில் போயிருக்கிறது. கீதாஞ்சலி ராவின் ‘பாம்பே ரோஸ்’ பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்போடு உருவாகி, 2019-ல் வெனிஸில் திரையிடப்பட்டு, 2021-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. சாமி கதை இல்லை, குழந்தைக் கதை இல்லை, பம்பாயில் பூ விற்கும் ஒரு பெண்ணின் கதை.

இன்னொரு வழி, நீங்களே கொஞ்சம் எடுத்துக் காட்டுவது. அமெரிக்காவில் விவியன் மெட்ரானோ, ரசிகர்கள் பேட்ரியான் என்ற நிதி ஆதரவுத் தளத்தில் கொடுத்த ஆதரவோடு ‘ஹாஸ்பின் ஹோட்டல்’ முதல் எபிசோடை 2019 அக்டோபரில் யூடியூபில் போட்டார். 2024 ஜனவரியில் அது பிரைம் வீடியோவில் முழுத் தொடராக வந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். வயதுக் கட்டுப்பாடு போட்ட வீடியோவுக்கு யூடியூபில் விளம்பர வருமானமும் ஏறக்குறைய இருக்காது. ஆனால் கையில் இருக்கும் 40 விநாடி அனிமேட்டிக்கைவிட (ஓவியங்களை ஒலியோடு கோத்த முன்னோட்டம்), முழுமையாக முடித்த இரண்டு நிமிடக் காட்சி ஒன்று உங்களுக்காக அதிகம் பேசும். விடியற்கால ஏலத்தில் மூன்று பேரும் ஒரே வஞ்சிரத்துக்குச் சண்டை போடும் காட்சியை எடுங்கள் என்பது என் ஆசை. வசனம் நம் ஊர்த் தமிழிலேயே இருக்கட்டும், அடியில் ஆங்கில சப்டைட்டில் போதும். விளக்கக் குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். புரியாது என்று பயந்து பேச்சை மழுங்க அடித்தால், பிறகு அது எந்த ஊரிலும் நடக்கும் கதையாகிவிடும்.

பெரியவர்களுக்கு என்றாலும் எல்லை உண்டு

‘வரைந்த படம்தானே, எதையும் காட்டலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடியில் வருவதற்கு வயது வகைப்பாடு உண்டு, உங்களுடையது அநேகமாக ‘ஏ’. அது பெரிய தடை இல்லை. ஆனால் ஆபாசம் பற்றிய சட்டம் அனிமேஷனுக்கும் பொருந்தும். சிறுவர் சிறுமியைப் பாலியல் ரீதியாகச் சித்திரிப்பது, வரைந்ததாக இருந்தாலும் கடுமையான குற்றம். ஐந்தாவது எபிசோடில் பள்ளி மாணவி வரும் அந்தக் கிண்டலை எடுத்துவிடுங்கள், கதைக்கு அது தேவையும் இல்லை.

அடுத்து, ஏழாவது எபிசோடில் வரும் ஏரியா பிரமுகர். பெயரை மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் அவர் வண்டி, மோதிரம், நின்று பேசும் முனை எல்லாம் அப்படியே. காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அடையாளம் தெரியாதபடி பாத்திரத்தைக் கலைத்துப் போடுங்கள். உங்கள் பெரியம்மாவின் வாழ்க்கையிலிருந்து எடுத்தவற்றை அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் எழுதி வாங்குங்கள். அவருக்கு அது பெருமையாகவும் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது

நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. முழு உரிமை மாற்றத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை. 12 மாத ஆப்ஷன், காலம் முடிந்தால் உரிமை திரும்புதல், கதை–திரைக்கதை–உருவாக்கம் என்ற பெயர், வழக்கு வந்தால் சென்னை நீதிமன்றம் என்ற அடிப்படையில் திருத்திய வரைவை அனுப்பினால் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்கிறேன்.’ உண்மையான ஆர்வம் இருந்தால் பேச்சு தொடரும். வெள்ளிக்கிழமையோடு போய்விட்டால், அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த நான்காவது ஷரத்து மட்டும்தான்.

திருத்திய வரைவு வந்ததும் தனியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, ஆலோசனையும் அதில் சேரும். பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே விசாரிக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஒப்பந்த நகல், நியமனக் கடிதம், பைபிள், இதுவரை யாருக்கு எப்போது என்ன அனுப்பினீர்கள் என்ற பட்டியல், இந்த நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். காப்புரிமைப் பதிவு விண்ணப்பத்தை அதற்கு முன்பே போட்டுவிட்டால், விண்ணப்ப எண்ணையும் அந்தப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.